லோகேஸ்வரி டீச்சர் கேட்காத கேள்விகள்

மலேசியாவில், பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் லோகேஸ்வரி டீச்சரைப் பிடிக்காத பிள்ளை கிடையாது. நானும் அங்கேதான், பக்கத்து வகுப்பில் அறிவியல் நடத்துகிறேன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. டீச்சர் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த லயத்திலேயே பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தார். பகாவில் வீடு வாங்கிய பிறகும் டீச்சர் வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் மேல் யாரையும் ஒரு சொல் சொல்ல விடமாட்டார்.

இந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து புனிதா என்ற இளம் ஆராய்ச்சியாளர் வந்தார். ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் படித்தும் சில பிள்ளைகள் மட்டும் ஏன் பின்தங்குகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. டீச்சரின் மூன்றாம் ஆண்டு வகுப்பு மூலையில் கேமராவை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வகுப்பில்தான் ரோகினி இருந்தாள். லயத்துப் பெண், வாயே திறக்கமாட்டாள். இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை, பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்று டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அவள் போக வேண்டும். அங்கே போன பிள்ளை சீக்கிரம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அன்று பள்ளி முடிந்ததும் டீச்சரும் புனிதாவும் ஆசிரியர் அறையில் காணொளியைப் போட்டுப் பார்த்தார்கள். நோட்டு திருத்துகிற சாக்கில் நானும் எட்டிப் பார்த்தேன். கேள்வியெல்லாம் தாமான் குடியிருப்பின் வசதியான வீடுகளிலிருந்து காரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கே போனது. ஒவ்வொரு கேள்விக்கும் ரோகினி தலையைத் தூக்கினாள். டீச்சரின் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

“பாவம்லா லயத்துப் பிள்ளைங்க,” என்றார் டீச்சர். “தெரியாம முழிச்சா மத்த பிள்ளைங்க சிரிக்கும். அதான் கேக்கறதில்ல.”

“அவளுக்குத் தெரியாதுன்னு எப்படித் தெரியும் டீச்சர்? நீங்க கேக்கவே இல்லையே.” புனிதா மெதுவாகத்தான் சொன்னார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. “நான் லயத்துல பொறந்தவ. லயத்துப் பிள்ளைய பத்தி எனக்கே பாடமா?” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புனிதாவின் முகம் வாடிப்போயிற்று. ஆய்வு இத்தோடு சரி என்று நினைத்தேன்.

மறுநாள் எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருந்த தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது. “ரோகினி, நீ சொல்லு. அரை பெருசா, மூணுல ஒண்ணு பெருசா?”

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மற்ற நாளென்றால் இந்நேரம் டீச்சரே பதிலைச் சொல்லியிருப்பார். அன்று சொல்லவில்லை. எனக்கே பொறுக்கவில்லை.

“மூணுல ஒண்ணு, டீச்சர்.”

தப்பு. ஆனாலும் டீச்சர் விடவில்லை. “ஏம்மா அப்படிச் சொல்ற?”

“மூணு பெரிய நம்பர்...” ரோகினி நிறுத்தினாள். “இல்ல டீச்சர். ஒரு ரொட்டி சானாய மூணு பேருக்குப் பிச்சா எனக்குக் கொஞ்சம்தான் வரும். அண்ணன் இல்லாத அன்னிக்கு, நானும் தங்கச்சியும் மட்டும்னா, நெறைய வரும். அரைதான் பெருசு.”

அந்தப் பெண் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்கு என் பாடமே மறந்து போயிற்று.

இடைவேளையில் டீச்சர் புனிதாவைக் கையோடு கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் பின்னாலேயே போனேன்.

“ரோகினி என் வகுப்புலயே இருக்கட்டும் சார்.”

“ஏன் டீச்சர்? அவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன் சார். ஆனா இன்னிக்குத்தான் அவகிட்ட கேட்டேன்.”