கழுவின காலும் கழுவாத காலும்

எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபம் சொல்வது. செபம் முடிந்து சுண்டல் வருவதற்கு முன், குடும்பத்தில் தாம் கண்ட இறைப்பாடத்தை ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் இட்லி மாவு புளித்ததில் பொறுமையைக் கண்டிருப்பார். இன்னொருவர் குக்கர் விசிலில் மனசாட்சியின் குரலைக் கேட்டிருப்பார். எனக்கு இந்தப் பாடங்கள் என்றைக்குமே பிடித்ததில்லை. மாவு புளித்தால் வெயில் அடிக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். என் வீட்டில் நடந்ததை ஒருமுறை நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கூட்டத்தலைவி, "சரிம்மா, சுண்டல் ஆறிப் போயிடும்" என்றார். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். இங்கே சுண்டல் இல்லை.

என் மாமியார் திருச்சி பாலக்கரையில் பிறந்து பாலக்கரையிலேயே வாழ்ந்தவர். இருபத்திரண்டு வருடமாக என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சர்க்கரை வியாதியில் அவருடைய வலது பாதத்தில் புண் வந்து, சுண்டுவிரலை எடுத்த பிறகு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தோம். தினமும் கட்டைப் பிரித்து, சலைன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருந்து வைத்துப் புதுக் கட்டுப் போட வேண்டும். ஒருநாள் தவறினாலும் புண் மேலே ஏறும், ஏறினால் கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த வேலை என்னுடையது. ஏன் என்னுடையது என்று யாரும் கேட்கவில்லை.

என் கணவர் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். கைலாசபுரத்தில் வெல்டிங் வேலை. நெருப்புப் பொறிக்கு அஞ்சாத ஆள். அம்மாவுக்கு மருந்து, பஞ்சு, மெத்தென்ற செருப்பு எல்லாம் சொல்வதற்கு முன்னே வாங்கி வந்துவிடுவார். ஆனால் நான் கட்டைப் பிரிக்க ஆரம்பித்ததும், தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க பால்கனிக்குப் போய்விடுவார். அந்த நாற்றம் அவருக்கு ஆகவில்லை. மற்ற நேரத்திலும் அறை வாசலில் நின்று, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னப் பாத்தா அவனுக்கு அருவருப்பா இருக்கா?"

"ஷிஃப்ட் அலுப்பு அத்தை" என்றேன். பொய் எனக்குச் சரளமாக வரும்.

"நாத்தம் அடிக்குதா?"

"இல்லவே இல்ல."

அவர் நம்பவில்லை. அந்தக் கேள்வியை அன்றிலிருந்து தினமும் கேட்டார், நானும் தினமும் இல்லை என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் நடுவில், பங்குக் கோயிலின் உபதேசியார் போன் செய்தார். பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் என் கணவரும் ஒருவராம். இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாகச் செய்யும் சடங்கு. இப்போது சில பங்குகளில் பெண்களையும் உட்கார வைக்கிறார்கள். எங்கள் பங்கில் இன்னும் ஆண்கள்தான். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டு மாமிக்குக்கூடச் சொல்லிவிட்டார். "பேஷ், உங்காத்துக்காரருக்குத் திருமஞ்சனம்னு சொல்லுங்கோ" என்று மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காருபவர் என்ன செய்வார் தெரியுமா? காலைக் கழுவிக்கொண்டு போவார். சும்மா இல்லை, ஒரு வாரமாகக் கழுவுவார். என் கணவர் அந்த வாரத் தொடக்கத்துக் குருத்து ஞாயிறன்றே பித்தவெடிப்புக்குக் களிம்பு போட்டு, சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தார். திங்களன்று நகம் வெட்டினார். செவ்வாயன்று அந்த நகத்தையே மறுபடி வெட்டினார். ஃபாதர் வலது காலில் மட்டும் ஒரு குவளைத் தண்ணீர் விட்டுத் துடைத்து முத்தம் கொடுப்பார். இவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காலையும் தேய்த்தார். அழுக்கே இல்லாத பன்னிரண்டு ஜோடிக் கால்களை வரிசையாக நீட்டி, இதுதான் தாழ்மை என்று கண்ணீர் விடுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

வியாழன் காலை கட்டுத்துணி தீர்ந்துபோயிருந்தது. வாங்கி வந்து, சமையலையும் முடித்துவிட்டுப் பார்த்தால் மணி நாலே முக்கால். மருந்து டப்பாவோடு மாமியாரின் அறைக்குப் போனேன். நீல டப்பைக் காணவில்லை. சலைன் ஊற்றும்போது அவர் பாதத்தை அதில்தான் வைப்போம். தேடிக்கொண்டு ஹாலுக்கு வந்தால், என் கணவர் சோபாவில் உட்கார்ந்து அந்த டப்பில் இரண்டு காலையும் ஊறவைத்திருக்கிறார். ஷாம்பு நுரை கணுக்கால் வரை.

"எழுந்திரிங்க. அது அத்தையோட டப்பு."

"ஒரு நிமிஷம். அஞ்சரைக்கே வரச் சொல்லிருக்காங்க, காவிரிப் பாலத்துல வேற டிராஃபிக்கா இருக்கும். வேட்டி எங்க?"

வேட்டி இஸ்திரிப் பெட்டி போட்டு பீரோவில் இருந்தது. நான் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னைக்கு அம்மாவுக்கு நீங்க கட்டு மாத்துங்க. மாத்திட்டு வேட்டியக் கட்டுங்க."

"பைத்தியமா உனக்கு? பன்னண்டு பேரு கணக்கு. ஒரு ஆளு குறைஞ்சா என்ன ஆகுறது?"

"ஒண்ணும் ஆகாது. முதல் தடவையே ஒரு ஆளு பாதில எழுந்து போனான்."

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தப்படவில்லை. உள்ளேயிருந்து மாமியார் கத்தினார்.

"அடியே, நீ என்ன மனுஷியா? அவன் எதுக்குடி என் காலத் தொடணும்? ஆம்பளப் புள்ள! தொட விட மாட்டேன்!"

"இயேசு கால் கழுவ வந்தப்ப பேதுருவும் இப்படித்தான் கத்துனாரு அத்தை!"

"எனக்கே சுவிசேஷம் படிக்கிறியா நீ?"

"நான் படிக்கல. உங்க புள்ள படிக்கட்டும்."

அந்த வீட்டில் இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. என் கணவர் டப்பிலிருந்து காலை எடுத்து எழுந்தார். தரையெல்லாம் நுரை. டப்பைக் குழாயடியில் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, அம்மாவின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் உள்ளே போகவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு, கையுறை போடுங்க, கத்தரியக் கீழ வையுங்க, துணி ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க, தண்ணி விடுங்க என்று சொன்னேன். போய் உதவி செய்திருக்கலாம். செய்யக் கூடாது என்று வீம்பாக நின்றேன்.

கடைசிச் சுற்று பிரிந்ததும் நாற்றம் வாசல் வரை வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது. மோட்டார் பார்க்கப் போய்விடுவார் என்று நினைத்தேன். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்து கேட்டார்.

"நாத்தம் அடிக்குதாப்பா?"

"அடிக்குதும்மா" என்றார் அவர்.

இத்தனை நாளாக நான் கட்டிக் காத்த பொய்யை மனுஷன் ஒரு வார்த்தையில் போட்டு உடைத்துவிட்டார். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. திரும்பிக் குனிந்து, விரல் இல்லாத அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். மாமியார் மெல்ல முந்தானையை விலக்கி மகனைப் பார்த்தார். நாற்றம் உண்டு என்று தெரிந்தும் ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்பது அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹாலில் போன் அடித்தது. உபதேசியார்.

"என்னம்மா, எல்லாரும் வந்தாச்சு, சார் இன்னும் கிளம்பலியா?"

"அவரு கால் கழுவிக்கிட்டு இருக்காரு."

"அங்க எதுக்கும்மா கழுவணும்? இங்கதான் ஃபாதர் கழுவுவாரே!"

"அவங்க அம்மா கால. நீங்க வேற ஆள உக்கார வச்சுக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

திரும்பி வந்தபோது புதுக் கட்டுப் போட்டு முடித்திருந்தார். கோணல்மாணலாக, என்னைவிட இரண்டு மடங்கு துணி செலவழித்து. எழுந்திருக்கக் கட்டில் விளிம்பைப் பிடித்தார். அப்போது மாமியார், புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இடது காலையும் மகன் முன்னால் நீட்டினார்.

"இதையும் கழுவிவுடுடா."

அந்தக் காலில் புண் கிடையாது. ஒரு கீறல்கூடக் கிடையாது. நான் உள்ளே போய், டப்பை எடுத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.