பழைய டிஸ்க்கில் இருந்த குரல்

என் கணவர் வடக்கனந்தலிலிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தபடியே கள்ளக்குறிச்சி ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். போன வருஷம் மழை விட்ட சமயத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தோம். மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தேன், கேட்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த பாண்டிச்சேரி டாக்டர், குரல்வளையில் ஒரு கட்டி இருக்கிறது, அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"பழைய குரல் திரும்ப வருங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்த பிறகுதாம்மா சொல்ல முடியும்."

ஆபரேஷன் வரைக்கும் பேசவே கூடாது, கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து என் கணவர் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அடுப்படியில் இருப்பேன், ஃபோன் கிணுங்கும். "தண்ணி." "சீயக்கா எங்க?" எங்கள் மகள் அப்போது எல்.கே.ஜி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவின் வாயைத் தன் இரண்டு விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா சத்தம் எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டாள். அவர் சிரித்தார். நான் வெளியே போய் நின்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. குரல் திரும்பவில்லை என்றால் இந்தக் குழந்தை அதை மறந்துவிடுவாள். நானும் ஒருநாள் மறந்துவிடுவேன். என் ஃபோனில் தேடினேன். ஃபோட்டோக்கள் இருந்தன, குரல் இல்லை. எங்களுக்குள் எப்போதும் போன் பேச்சுதான், வாய்ஸ் மெசேஜ் பழக்கமே கிடையாது. பிறகு ஞாபகம் வந்தது. மலைமேல் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் ஸ்டுடியோ கேமராக்காரரை ஏற்றிக்கொண்டு போனவர் இவர்தான். ஜீப்பில் போகும்போதே கேமராக்காரர் ரோட்டையும் மேகத்தையும் எடுப்பார். அதில் எங்காவது இவர் பேசியிருப்பார். எடிட் செய்யும்போது இந்தச் சத்தத்தையெல்லாம் மியூட் செய்து அதன்மேல் நாதஸ்வரத்தைப் போட்டது நானேதான். வெட்டாத மூலப் பதிவுகள் என் லேப்டாப்பில் இருந்தன. ஸ்டுடியோவில் கேட்டேன், அவர்கள் எப்போதோ அழித்துவிட்டார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு ஃபோல்டரைச் சொடுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் பாதியில் நின்றது. ஹார்ட் டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வைத்தால் 'டக், டக்' என்று ஒரு சத்தம். முன்பும் அது கேட்டிருக்கிறது, நான் பொருட்படுத்தியதில்லை. இப்போது ஒவ்வொரு 'டக்'கும் நெஞ்சுக்குள் விழுந்தது.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தேன். "வீடியோவுக்கு ராம்தாம்மா முக்கியம். நாலு ஜிபிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? ராம் போடு, பறக்கும்" என்றார். யூடியூபில் ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடச் சொன்னார், இன்னொருவர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எதுவும் வேலைக்கு ஆகாது என்றார். ஒருவர் லேப்டாப்பையே மாற்றச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் திருத்த நேரம் இருக்காது.

சோறு வடிக்கும்போதும் இதுதான் நினைப்பு. ராம் போட்டால் எடிட்டிங் வேகமாகும், உண்மைதான். ஆனால் எனக்கு இப்போது வேகமா வேண்டும்? அந்தப் பதிவுகள் முதலில் பத்திரமாக வெளியே வரவேண்டும். சாகப்போவது டிஸ்க் என்றால் ராமைக் கூட்டி என்ன பயன்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்தபோதுகூட டிஸ்க் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எஸ்எஸ்டி போட்டு அதற்குப் பதிவுகளை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "புதுசா எஸ்எஸ்டி மாட்டறேன். பழசைக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டுத் தரேன், யுஎஸ்பில சொருவிக்கலாம். ஆனா அக்கா, இந்தச் சத்தத்த கேட்டா எனக்கு நம்பிக்க கம்மிதான். கழட்டறப்ப போய்ட்டா நான் பொறுப்பு இல்ல."

"அதுல இருக்கறது திரும்ப கெடைக்காதுங்கண்ணா."

"கல்யாண வீடியோவா?"

"ஆமா" என்றேன். லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் தூக்கினார். ஃபேன் நிறைய மக்காச்சோளத் தூசி. பிரஷ்ஷால் தள்ளினார். கையோடு ராமும் கூட்டலாமா என்று பார்த்தார். கடையில் இருந்த ராம் அந்த ஸ்லாட்டில் சேரவில்லை, வேறு வகை. எஸ்எஸ்டியைப் பொருத்தி ஆன் செய்தார். திரை கறுப்பாகவே இருந்தது. விசைப்பலகையில் வெளிச்சம் வந்தது, ஃபேன் சுற்றியது, படம் மட்டும் வரவில்லை.

"இன்னாங்கண்ணா ஆச்சு?"

அவர் திரும்பத் திருகாணிகளைக் கழற்றினார். எதிர்க் கடை ரேடியோ என் காதில் விழாமல் போனது. பழைய ராமை உருவி, ரப்பரால் அதன் முனையைத் தேய்த்து மறுபடி அழுத்தினார். திரை வந்தது. "அசைஞ்சிடுச்சி போல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிஸ்க்கைச் சொருகினேன். ஃபோல்டர்கள் தெரிந்தன. மொத்தமாக இழுத்துப் போடாமல், மலைக் கல்யாணங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காப்பி செய்தேன். பச்சைக் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும். நிற்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். ஃபோன் கிணுங்கியது. "எதுக்கு இப்டி பயப்படற? நான் இன்னா சாவப்போறனா?" படித்துவிட்டு அவரை முறைத்தேன். அவர் அதை அழித்துவிட்டு, "டீ போடட்டா?" என்று அனுப்பினார்.

இரண்டு கல்யாணங்கள் வரவே இல்லை. பிழை என்று சொல்லி டிஸ்க் ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவது வந்தது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஏறுகிறது, கண்ணாடியில் வெயில், என்ஜின் இரைச்சல். அதற்கு நடுவில் அவர் குரல், தடையில்லாமல், கொஞ்சம் பெருமையோடு: "இரு இரு, பஸ்ஸு எறங்குது. பொண்ணு வூட்டுக்காரங்க காத்துக்கினு இருக்கட்டும். நாம முழுசா போய்ச் சேருவோம்." கடைசியில் ஒரு சிரிப்பு.

இரைச்சலை எடுக்கப் பார்த்தேன். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டக் கூட்ட என்ஜின் அடங்கியது, ஆனால் அவர் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல மாறியது. யாரோ ஒருவர் பேசுவது போல இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். என்ஜினோடு சேர்ந்த குரல்தானே நாங்கள் கேட்டுப் பழகியது.

ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்தேன். அசையாமல் கேட்டார். பிறகு ஃபோனை எடுத்து வெகுநேரம் தட்டினார். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். வந்த செய்தி: "செகண்டு கியர்ல ஏத்திக்கினு இருக்கேன். ஃபர்ஸ்ட் போட்டிருக்கணும்."

அதைப் படித்துத்தான் அழுதேன்.

ஆபரேஷன் நடந்தது. கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. அதன் பிறகும் பேசாமல் இருக்க வேண்டிய நாட்கள் இருந்தன. அதற்குள் ஒரு காலை, வாசலில் காயவைத்த மக்காச்சோளத்தில் கோழி இறங்கியதைப் பார்த்து, தன்னை மறந்து "ச்சூ!" என்று கத்திவிட்டார். விசில் போல ஒரு காற்றுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்று முழுக்க எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் அனுமதித்த பிறகு குரல் வந்தது. ஆனால் கனமாக, அடியில் மணல் கலந்தது போல. மகள் அதை ஒரே நாளில் அப்பா குரலாக எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் நாளானது. ஒருமுறை மலைமேலிருந்து வேறு யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டார். "யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். "உன் புருஷன்தான், வேற யாரு" என்றார்.

இப்போது ட்ரிப் ஓட்டுகிறார். லேப்டாப் சட்டென்று திறந்துகொள்கிறது, வேலையும் நடக்கிறது. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவர் பக்கத்து அறையில் இருமினால், ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, இருமல் அடங்கும் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.