மீதி வைக்காத பல்

தடயவியல் ஆய்வகத்தில் எல்லாரும் அவளைப் ‘பல் டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, செத்தது யார் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெயரை நம்பி ஒருநாள் வீங்கின கன்னத்தோடு வந்து நின்றார். “என்கிட்ட வர்ற பல்லு எதுவும் வலிக்கிற நிலைமையில இருக்காதுங்க,” என்று அனுப்பிவைத்தாள்.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் பல்கலைக்கழகத்தில், மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டோடு மல்லுக்கட்டினாள். சூட்டில் உடைந்துபோன டிஎன்ஏவை ஓர் உயிரணு எப்படி ஒட்டுப்போட்டுக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. திட்டம் முடிந்தது, வேலையும் போனது. தடயவியலில் சேரப்போவதாகச் சொன்னபோது கணவன் முகம் சுளித்தான். “பொணத்தோடயா?”

“ஈஸ்ட் மட்டும் என்னோட உட்கார்ந்து பேசிக்கிட்டா இருந்துச்சு?”

சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு செங்கல் சூளைச் சாம்பலிலிருந்து ஒரே ஒரு கடைவாய்ப் பல் வந்தது. அங்கே வேலை பார்த்த பையன் ஒருவனைக் காணோம். அவன் அம்மா தையல்காரி. ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுக்க வந்தபோது, ஊசி குத்தின இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. “நான் தினமும் குத்திக்கிறவதான் மேடம்,” என்றார்.

பல்லைப் பொடியாக்கிப் பாதியைச் சோதித்தாள். ஒன்றும் வரவில்லை. துறைத்தலைவர் அவசரப்பட்டார். “வியாழக்கிழமை கோர்ட்டு. மீதியையும் போட்டுப் பாரு.”

“கொஞ்சம் எடுத்து வெச்சுக்கலாம் சார். பின்னாடி நல்ல முறை ஏதாவது வந்தா...”

“பின்னாடி என்ன, வானத்துலேர்ந்தா குதிக்கப்போகுது? போடும்மா.”

போட்டாள். இன்னும் ஒரு தடவை வாதாடியிருக்கலாம், வாதாடவில்லை. ‘முடிவு கிடைக்கவில்லை’ என்று கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஏழு வருஷம் அந்தப் பல்லின் பிடியிலிருந்து அவள் வெளியே வரவே இல்லை. ஈஸ்டில் படித்ததையெல்லாம் தூசி தட்டி எடுத்து, கருகின எலும்பில் நொறுங்கிக் கிடக்கும் டிஎன்ஏவையும் படிக்க ஒரு முறையை உருவாக்கினாள். பத்திரிகையில் அவள் போட்டோவோடு செய்தி வந்தது. மறுவாரமே தையல்காரி அந்தத் துண்டைக் கத்தரித்துக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றார்.

“இப்போ கண்டுபிடிச்சிடலாமாமே மேடம்?”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “முடியும்மா. ஆனா அந்தப் பல்லு இல்ல. நான்தான் முழுசையும் செலவழிச்சிட்டேன்.”

தையல்காரி கையிலிருந்த பத்திரிகைத் துண்டை மடித்தார். “துணுக்குகூட இல்லையா?”

பல்லின் தூளை வைத்திருந்த பழைய சோதனைக்குழாய் குளிர்பெட்டியில் கிடந்தது, காலியாக. அதன் உள்சுவரைக் கழுவி, அந்த ஒரு சொட்டில் பரிசோதனை செய்தாள். டிஎன்ஏவில் இருபது இடங்களைப் படிக்க வேண்டும். நாலு இடம்தான் தெரிந்தது. நாலும் அம்மாவோடு ஒத்துப்போயின. நாலுமே பொருந்தாமல் போயிருந்தால் ‘உங்க பையன் இல்ல’ என்றாவது சொல்லியிருக்கலாம்.

“தெருவுல போறவங்கள்ல இருபது பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஒத்துப்போகும்மா. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.”

“எனக்குக் கோர்ட்டெல்லாம் வேண்டாம் மேடம். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றார். திரும்பி வந்தா பையனுக்கு அந்த வீடு மட்டும்தான் தெரியும். நான் காலி பண்ணலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

‘பண்ணுங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த அம்மாவின் மகனை அவளே சாகடித்ததாகும். ‘வேண்டாம்’ என்றால் இன்னொரு ஏழு வருஷம் வாசலைப் பார்க்கவைத்ததாகும்.

“எனக்குத் தெரியலம்மா.”

“இவ்வளவு படிச்சுமா?” கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இனி எந்தச் சோதனை மாதிரியையும் முழுசாகத் தீர்க்கக் கூடாது என்று விதி போடச் சொல்லி அவள் மேலிடத்துக்கு எழுதினாள். “நல்ல யோசனை, பார்க்கலாம்,” என்றார்கள். மூன்று தடவை எழுதியாயிற்று.

தையல்காரி வீட்டைக் காலி செய்யவில்லை. மாதத்துக்கொரு தடவை போன் செய்கிறார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே இவள் சொல்லிவிடுகிறாள்: “புதுசா ஒண்ணும் இல்லம்மா.”

“சரி மேடம். சாப்டீங்களா?” என்கிறார் அவர்.