பால் தங்காத பிள்ளை

நேசபாயின் பிள்ளை பால் குடிப்பதில் ஒரு குறைச்சலும் வைக்கவில்லை. குடித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியவில்லை.

1931 தை மாதத்தில் அது தொடங்கியது. அப்போது பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்திருந்தது. முதல் பிள்ளையை அதே நாற்பதாம் நாளில் கல்லறைக்குக் கொடுத்தவள் நேசபாய். அதனால் இந்தப் பெண்பிள்ளை நாற்பதைத் தாண்டியதும் சற்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் பிள்ளை கக்கத் தொடங்கிவிட்டது. முதலில் கடைவாயில் ஒழுகும் அளவுக்குத்தான். துடைத்து விட்டால் சிரிக்கும்.

ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகள். நேசபாயின் புருஷன் ஜான்ரோஸும் அவன் அண்ணனும் பனையேறிகள். இரண்டு பேரும் இறக்கும் அக்கானிப் பதநீரை அண்ணன் பெண்டாட்டி ராகேல் ஒருத்தியே காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். நேசபாய் மிஷன் பங்களாவில் லேஸ் பின்னப் படித்தவள். வெள்ளை நூலில் கரி பட்டால் பின்னலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “நீ நூலப் பாரு ஏட்டி, நான் அடுப்பப் பாக்கேன்” என்று ராகேல் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். காலை முதல் உச்சி வரை ஓலைப் புகையில் நின்று ராகேலின் கண்கள் எப்போதும் சிவந்தே கிடக்கும். அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை.

நேசபாய் பால் கொடுத்து முடித்தால் போதும், ராகேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பிள்ளையை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு முற்றத்துப் பனையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். அடுப்பில் அக்கானி பொங்கும் வரை நடை நிற்காது. அது அவளுக்கு ஒரு ஆசை.

மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கூடை சுமந்து வரும் வியாகுலம்மாள் ஒருநாள் கூடையை இறக்கினாள். பிள்ளை கக்கிய துணியை மோந்து பார்த்தாள்.

“இது கொதியாக்கும் மக்கா. பிள்ள குடிக்கயில ஆரோ பாத்து ஆசப்பட்டிருக்கு. குடிச்சது பின்ன தங்குமா?”

“ஆரு பாக்கப் போறா?”

வியாகுலம்மாள் பேர் சொல்லவில்லை. முற்றத்துக்கு அப்புறம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ராகேலை ஒருமுறை பார்த்தாள். “கண்ணுக்க செவப்பப் பாத்தா தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, நாலு சாளையை ஓலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொதி, கண்ணேறு எல்லாம் அஞ்ஞானிகளின் மூடத்தனம் என்று உபதேசியார் மாதம் ஒரு பிரசங்கமாவது வைப்பார். அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு மிளகும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. நேசபாய் மட்டும் எப்படி விதிவிலக்காக இருப்பாள்?

மறுநாளிலிருந்து கதவைச் சாத்தினாள். சுவரைப் பார்த்துப் பாயில் படுத்து, முந்தானையால் பிள்ளையை மூடி, படுத்தவாக்கிலேயே பால் கொடுத்தாள். முற்றத்தில் காலடி கேட்டால் பிள்ளையைப் பிடுங்கித் தொட்டிலில் கிடத்திவிட்டு, “உறங்குது மயினி” என்பாள். உள்ளே பிள்ளை வீலென்று அலறும். ராகேல் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. நேசபாயின் பங்குக் கருப்பட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

மாசி பிறந்தபோது பிள்ளையைப் பார்க்கச் சகிக்கவில்லை. குடித்தது முழுக்க மூக்காலும் வாயாலும் வந்தது. வந்த பிறகு முதுகை வில்லாக வளைத்து, குரல் கம்மும் வரை அழுதது. தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. வசம்பு உரைத்துக் கொடுத்தாள், ஓமத் தண்ணீர் கொடுத்தாள், மிளகும் உப்பும் சுற்றிப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போய் ஒரு குப்பி மருந்து வாங்கி வந்தாள். மருந்தும் பாலோடு சேர்ந்து வெளியே வந்தது. பின்னலில் ஒரு முழம் பால்கறை பட்டு வீணாயிற்று. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே வரவில்லை.

ஜான்ரோஸ் பனையிலிருந்து இறங்கியதும் காய்ப்புக் காய்த்த கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். “நான் என்ன செய்யணும், சொல்லு.” அவளுக்கே தெரிந்தால்தானே அவனுக்குச் சொல்வதற்கு. பனையானால் ஏறிவிடுவான். இதில் எங்கே பிடித்து ஏறுவது?

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால் ஒதுங்கிப் பால் கொடுத்துவிட்டு, நேசபாய் உள்ளே நுழைந்தபோது உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். அவர் ஜெபம் பிரசித்தம். மகாராஜாவில் தொடங்கி, மழை, மாடு, கடலில் போனவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். அதுவரை சபை நின்றாக வேண்டும். நேசபாயும் பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு கால் கடுக்க நின்றாள். எப்போது கக்கும் என்று முதுகு காத்துக்கொண்டிருந்தது. ஆமென் வரை பிள்ளை கக்கவில்லை. அவள் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கிவிட்டது.

கர்த்தர் கேட்டுவிட்டார் என்று கண்ணீரோடு வீட்டுக்கு வந்தாள். திரும்பப் பால் கொடுத்துத் தொட்டிலில் கிடத்தினாள். கிடத்திய கையை எடுப்பதற்குள் அத்தனையும் வந்துவிட்டது.

நேசபாய் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தோளில் தங்கியது, தொட்டிலில் தங்கவில்லை. தை மாதத்தில் கடைவாயோடு நின்றதே, அப்போது பிள்ளை யார் தோளில் கிடந்தது? கதவுக்கு வெளியே முற்றத்துப் பனை நின்றது. அதைச் சுற்றி நடந்து பதிந்த தடத்தில் இந்த ஒரு மாதத்தில் புல் முளைத்திருந்தது. தன் பிள்ளையின் வாயில் தானே மண் போட்டதாக நினைத்தாள்.

மறுநாள் காலையில் பால் கொடுத்த கையோடு பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். ராகேல் அக்கானிப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“மயினி, பிள்ளைய ஒண்ணு பிடியுங்க.”

ராகேல் திரும்பினாள். பிள்ளையின் குச்சிக் கால்களைக் கண்டதும் சட்டென்று முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டாள்.

“எனக்க கண்ணு செவந்துல்லா கெடக்கு” என்றாள்.

வியாகுலம்மாள் சொன்னதை யார் போய்ச் சொன்னார்களோ. யாரும் சொல்லியிருக்கவும் வேண்டாம், சாத்திய கதவே போதும்.

ராகேல் கிண்டுகோலை வைத்தாள். கையை இரண்டு முறை துடைத்தாள். முகத்தைத் திருப்பாமலே தோளை மட்டும் நீட்டினாள்.

“தா. தோளுல கெடந்தா நான் அதுக்க மொகத்தப் பாக்க முடியாதுல்லா.”

நடக்கத் தொடங்கினாள். பிள்ளை அவள் முதுகுப்பக்கம் தலை சாய்த்துக் கிடந்தது. கரி படிந்த அவள் சேலையில் பால் ஒரு கோடாக வழிந்தது. கொஞ்சம்தான். வழிந்த பிறகு அழவும் இல்லை. பிள்ளை தேறுமா தேறாதா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் நேசபாயைத் தாண்டும்போது ராகேல் கண்ணை மூடிக்கொண்டாள்.

‘கண்ணைத் திறந்து பாருங்க மயினி’ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பானை பொங்கி வந்தது. நேசபாய் குனிந்து கிண்டுகோலை எடுத்துக் கிண்டினாள். கையில் கரி ஒட்டியது, புகை நேராக முகத்தில் அடித்தது. அவள் விலகாமல் நின்றாள்.