பந்தில்லாமல் ஓடிய பின்பால்

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நடந்ததை மாற்றி எழுத மாட்டேன். பட்டப்பகல், பிற்பகல் மூன்று நாற்பது. வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருமே கேட்டோம்.

என் மகன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. அவன் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பின்பால் இயந்திரம் நின்றது. சாய்ந்த கண்ணாடிக்கு அடியில் இரும்புப் பந்து உருளும். அது கீழே விழாமல் இரண்டு சிறு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். அவன் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பு செய்தது. யாரோ குப்பையோடு போட்டிருந்ததைக் கொண்டுவந்து, கம்பி கம்பியாகத் துடைத்து ஓட வைத்தான்.

அன்று என் தம்பி பழைய சாமான் வியாபாரி ஒருவரைக் கூட்டி வந்தான். சரி என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

“உள்ள இருக்கிறதப் பிடுங்கிட்டு டீ மேசை ஆக்கிடலாம்,” என்றார் வியாபாரி. “இத வாங்கிச் சேர்க்கிறதெல்லாம் கிழவனுங்கதாம்மா. அவங்களோட சரி. இந்தக் காலத்துப் பசங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.”

“என் பையன் கிழவனா?”

அவர் குனிந்து இயந்திரத்தின் கால்களை ஆட்டிப் பார்த்தார்.

தூக்குமுன் பந்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் மோதி உடைத்துவிடும். மகன் சொல்லித் தந்தது. நானே எடுத்துக் கையில் வைத்திருந்தேன். பிளக்கையும் பிடுங்கியாயிற்று.

இருவரும் ஒரு பக்கம் தூக்கினார்கள்.

உருளும் சத்தம்...

“பந்த எடுக்கலையா?” என்றான் தம்பி.

கையை விரித்துப் பந்தைக் காட்டினேன்.

“இன்னொண்ணு இருக்கும்.”

“ஒண்ணுதான்.”

கீழே வைத்தார்கள். சத்தம் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. சத்தம் மட்டும் மேலிருந்து கீழே இறங்கி வந்தது...

டக்.

இடது துடுப்பு எழுந்து விழுந்தது.

சத்தம் மேலே போயிற்று. மணி அடித்தது. எண் சக்கரம் ஒன்று நகர்ந்தது.

டக். டக்.

மூன்று நாற்பத்தொன்று.

“அக்கா... வெளிய வா.”

போகவில்லை. இயந்திரத்துக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“இது எங்கயும் போகாது. வண்டியத் திருப்புங்க.”

சத்தம் நின்றது.

பத்து நாள் கழித்து, மகனின் தோழி என்று ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். இவளிடமும் மூன்று பின்பால் இருக்கிறதாம். வெளியூரில் படிக்கிறாள், அவன் இறந்த செய்தி இப்போதுதான் தெரிந்ததாம். அழுது முடித்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். செம்புக் கம்பி சுற்றிய இரண்டு மின்சுருள், ‘காயில்’ என்பார்கள்.

“எரிஞ்சுபோச்சு, புதுசா சுத்திக் குடுன்னு கழட்டிக் குடுத்தான்மா. துடுப்பத் தூக்குறதே இதுதான். இது இல்லாம, கரண்ட் இருந்தாக்கூட எழும்பாது.”

“எப்பக் குடுத்தான்?”

“அவன் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி.”

ஆட்டப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். துடுப்புகளுக்கு அடியில், காயில் இருக்க வேண்டிய இரண்டு இடமும் காலி.

அங்கே படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை.