மீடியம் போதும் என்றேன்

போன மார்கழியில் நானும் மனைவியும் சைக்கிளில் குன்னூர் ஏறத் திட்டமிட்டு, குளிருக்கு டைட்ஸ் வாங்கக் கோவையில் ஒரு கடைக்குப் போனோம். அவள் எக்ஸ்எல் கேட்டாள். “உனக்கு ஜமக்காளத்தத்தான் தைக்கோணும் அம்மணி” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். எனக்கு மீடியம் போதுமென்று, போட்டுப் பார்க்காமலே வாங்கினேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது என் டைட்ஸின் பின்பக்கத் தையல் பிரிந்தது எனக்குத் தெரியவில்லை. கூட்டமான டீக்கடை முன் நான் இறங்கியதும், அவள் ஓடிவந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் இடுப்பில் கட்டினாள். “ஏனுங்க, தையல் உட்டுப்போச்சுங்க” என்றாள், காதருகே.

நடுங்கிக்கொண்டே டீ குடித்தவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. கடையில் நான் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.