பிஸ்கெட் டப்பா ஊரில் ஓர் அமாவாசை

அக்காவிடம் ஒரு பிஸ்கெட் டப்பா இருந்தது. காக்களூரில் அவள் திருகாணிகளை எண்ணிப் பொட்டலம் கட்டிய பட்டறையின் முதலாளி ஒரு பொங்கலுக்குக் கொடுத்தது. பிஸ்கெட் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. டப்பா பதினைந்து வருடம் எங்கள் வீட்டில் வெல்லம் போட்டுவைக்கும் டப்பாவாக இருந்தது.

மூடியில் ஒரு ஊரின் படம். கூரை போட்ட மரப்பாலம், பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ஒரு கோபுரம், எல்லாவற்றின் மேலும் பனி. அடியில் இருந்த பொடி எழுத்தைத் தபால்காரர்தான் படித்துச் சொன்னார்: லூசெர்ன், சுவிட்சர்லாந்து. அக்கா வாயில் அது 'சுச்சர்லாந்து' ஆனது. டாக்கீஸில் எந்தப் படத்திலாவது பனிமலை வந்தால் ஊரே 'ஆ' என்று வாயைப் பிளக்கும். அக்கா மட்டும், "எங்க டப்பா ஊரு" என்பாள், ஏதோ பெரியம்மா வீடு மாதிரி.

"அங்க வேர்க்கவே வேர்க்காதாம்டா" என்பாள். தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க நிற்பவளுக்கு சொர்க்கம் என்றால் அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தோம்.

எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். உடம்பில் மரு, கட்டி, தீராத வலி எதுவானாலும் வேண்டிக்கொண்டு அமாவாசையன்று குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல நோவும் கரையும். சின்ன வயதில் என் விரலில் மரு வந்தபோது அக்கா என்னை அங்கே கூட்டிப்போனாள். சீக்கிரம் போகட்டும் என்று நான் இரண்டு துண்டு எடுத்தேன். கையிலேயே ஓர் அடி வைத்தாள்.

"ஒரு நோவுக்கு ஒரு வெல்லம்தாண்டா. ரெண்டு போட்டா சாமி மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

மரு போயிற்று. அதுவாகவே போயிருக்கும் என்று பின்னால் ஐ.டி.ஐ. படித்த திமிரில் சொன்னேன். அதற்கும் ஒன்று வைத்தாள்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு இயந்திரம் வரவிருந்தது. அதைப் பழக மூன்று மாதப் பயிற்சிக்கு என்னை அனுப்புவதாக முடிவானது. அதே சமயத்தில்தான் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்துப் பயனில்லை, மாத்திரை கொடுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது என்னிடம் மட்டும். நான் பயிற்சிக்குப் போகவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"இன்னாடா பேஜாரு பண்ற? நான் இன்னா இன்னிக்கே போறேனா? போயிட்டு வா. அப்படியே எங்க டப்பா ஊரையும் பாத்துக்கினு வா."

கிளம்பும் நாளில் டப்பாவிலிருந்து ஒரு உருண்டை வெல்லத்தை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தாள். "தை அமாவாசைக்கு நீ இங்க இருக்க மாட்ட. அங்க எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி, என்னை நெனச்சிக்கினு போட்டுடு. நீ போட்டாதான் எனக்குக் கரையும்."

சத்தியம் செய்தேன். டாக்டரிடம் இல்லாதது வெல்லத்திலா இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வெல்லத்தை விட்டால் எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் சொல்லவில்லை.

ஜெர்மனியில் டிசம்பர். நான்கு மணிக்கே இருட்டு கட்டும். வேகவைத்த உருளைக்கிழங்கு, கல் மாதிரி ரொட்டி, பெயர் தெரியாத ஏதோ ஒன்று. நாக்கு செத்துவிட்டது. ஒருநாள் ஜலதோஷத்தில் படுத்திருந்தபோது பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். முகர்ந்துதான் பார்த்தேன். பிறகு நகத்தால் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டினேன். வாய் முழுக்க எங்கள் வீடு. அழுதேன், மறைப்பானேன்.

ஒரு ஓரம்தானே என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு ஓரம். பாதியானபோது, பாதியும் வெல்லம்தானே, சாமி என்ன தராசா வைத்திருக்கிறார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கடைசித் துண்டு புளியங்கொட்டை அளவு. பயிற்சியில் ஒரு பல்சக்கரத்தை நான் கெடுத்து, மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கத்திய நாள் அன்று. அறைக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அதையும் வாயில் போட்டுக்கொண்டேன். வேண்டுதல் வெல்லம் என்று தெரியும். தெரிந்துதான் தின்றேன்.

பயிற்சி முடிந்ததும் விமானத்துக்குப் பத்து நாள் இருந்தது. பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் கடைகளுக்குப் போனார்கள். நான் தனியாக ரயில் ஏறி அக்காவின் ஊருக்குப் போனேன்.

படத்தில் இருந்தபடியே இருந்தது. கூரைபோட்ட பாலம், தண்ணீரில் நின்ற கோபுரம், பனி. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு அழகான ஊரில் எனக்கு என்ன வேலை? பார்க்க வேண்டியவள் திருவள்ளூரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என் ஷூவில் ஈரம் ஏறி விரல்கள் மரத்துப்போயின. ஜோடி ஜோடியாகக் கைகோத்துப் போனவர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் எடுத்த அறையில் இரண்டு தலையணை இருந்தது. ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

மறுநாள் தை அமாவாசை. காலையில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தேன். தட்டின் ஓரத்தில் காகிதம் சுற்றிய இரண்டு சர்க்கரைக் கட்டி வைத்தார்கள். ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அக்காவின் கணக்கு மறக்கவில்லை, ஒரு நோவுக்கு ஒன்று.

பாலத்தின் ஓரத்துப் படியில் இறங்கி, தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். குளிர் நெருப்பாகச் சுட்டது. கண்ணை மூடி, "அக்காவுக்குக் கரையணும்" என்று சொல்லிப் போட்டேன்.

எங்கள் குளத்தில் போட்ட வெல்லம் கரைந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. குளம் கலங்கல். போடுவோம், கும்பிடுவோம், வந்துவிடுவோம். இங்கே அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. வெள்ளைக் கட்டி இறங்கியது. தரை தொட்ட பிறகும் கொஞ்ச நேரம் தெரிந்தது, ஓரங்கள் உதிர்ந்தன, பிறகு கற்கள் மட்டும்தான். ஒரு அன்னம் வந்து கழுத்தை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போனது. நான் குதிக்காத குறை. கரைந்துவிட்டதே!

பாலத்தின் படம் போட்ட அட்டை வாங்கி எழுதினேன்: 'அக்கா, உன் டப்பா ஊரில் நிற்கிறேன். வெல்லம் போட்டேன். கரைந்துவிட்டது.'

சர்க்கரைக் கட்டியை வெல்லம் என்று எழுதும்போது கை தயங்கவில்லை.

வீடு திரும்பியபோது பாயில் கிடந்தது அக்காதானா என்று இருந்தது. பாதியாகியிருந்தாள். என் அட்டை தலைமாட்டில் இருந்தது. பூக்கட்டும் பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கக்கா பண்ண அழும்பு கொஞ்சமா? தை அமாவாசைக்கு நான் வெல்லம் எடுத்துக்கினு வந்து, வலி தாங்காம கெடக்குறியே, உன் பேர்ல நான் போய்க் கொளத்துல போட்டுட்டு வரேன்னு கால்ல விழாத கொறையா கேட்டேன். வாணான்னுட்டா. என் தம்பி அங்க போடுவான், ரெண்டு எடத்துல போடக்கூடாதுன்னுட்டா."

நான் சுவரைப் பார்த்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "கரைஞ்சதைக் கண்ணால பாத்தியாடா?"

"பாத்தேன்கா."

"அடியில போற வரிக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா. தண்ணி அவ்ளோ தெளிவு."

"இங்க ஒண்ணுமே தெரியாது" என்று சிரித்தாள். பிறகு பாலத்தைப் பற்றிக் கேட்டாள், கோபுரத்தைப் பற்றிக் கேட்டாள், வேர்த்ததா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். அந்த ஒன்றைச் சொல்ல மட்டும் தினமும் வாயெடுப்பேன், தினமும் கஞ்சி ஆறிவிட்டது என்று எழுந்துபோவேன். மாசி முடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் இனிப்பைத் தொடுவதில்லை. பொங்கலன்று யார் வீட்டிலாவது சர்க்கரைப் பொங்கலைத் தள்ளி வைத்தால், "சர்க்கரை வியாதியா?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.